பத்தாம் நம்பர் சட்டை

எங்கள் கடற்கரைக் கால்பந்துக் கழகத்தில் சட்டைகளைத் துவைத்துப் பெயர் தைப்பவன் நான். பந்தை ஒரே ஒருமுறை உதைத்திருக்கிறேன். அது எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

தலைவர் சிலுவைதாசன் முதலாளி ஆண்டுக்கொரு வெளியூர் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவார். இந்த ஆண்டு சிறுவர் அணிக்குப் பயிற்சியாளர் வைக்கச் சேர்த்த பணத்தையே எடுக்கத் துணிந்தார். பொதுக்கூட்டத்தில் பத்தாம் நம்பர் சட்டையை என்மேல் எறிந்தார்.

"வே மிக்கேலு, புது ஆளு பேரைத் தையும். பத்து வருஷத்துக்குப் பிரிக்கப்பிடாது!"

"ஏழு வருஷத்துல ஏழு பேரு தச்சேன், முதலாளி. ஒருத்தரும் மறுவருஷம் இல்ல, ஏழையும் பிரிச்சாச்சு. கழகத்தை விட்டுப் போகாத ஆளு பேரா வேணும்?"

"ஆமா வே!"

அங்கேயே உட்கார்ந்து தைத்தேன். ஊசி நான்கு தடவை என் விரலில் ஏறியது. சட்டையைத் தூக்கிப் பிடித்தேன். முதுகில் 'சிலுவைதாசன்' என்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முதலாளியே இறங்குதாரா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் குலுங்கியது. பணம் யாருக்கு என்று கைதூக்கச் சொன்னபோது, சிறுவர் பயிற்சியாளருக்கே என்று முடிவானது.

முதலாளி என்னை முறைத்தார். "நீரும் இருபது வருஷமா போகாமத்தானே இருக்கீரு? நீரே கோல் நில்லும்!"

நின்றேன். பதினோரு கோல் வாங்கினேன். எண்ணிக்கையில் மட்டும் நான் தவறுவதில்லை.