கோணக்குளத்துக்கு ஒரு காய்ச்சல்காரர் தேவை

கோணக்குளத்து ஆட்களை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்ன பேச்சைக் கேட்பார்கள். அப்படியே கேட்பார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊருக்கு இலவசக் குடும்ப மருத்துவர் திட்டத்தில் டாக்டர் தமயந்தி வந்து சேர்ந்தார். அதுவரை காய்ச்சல் வந்தால் ஓர் ஆட்டை விற்றுவிட்டுத்தான் டவுன் டாக்டரிடம் போவார்கள். இனி ஆடும் மிஞ்சும், ஆளும் மிஞ்சும் என்று ஊரே பூரித்துப்போனது.

முதல் நாளே டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு, "தண்ணியக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடிங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. தினமும் நல்லா நடங்க" என்றார்.

செய்தார்கள். இளநீரைக்கூடக் கொதிக்க வைத்தார்கள். கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு கவளத்துக்கும் எழுந்து போய்க் கை கழுவினார்கள். காலையில் உட்கார்ந்த பந்தி சாயங்காலம்தான் எழுந்தது. பஸ் ஏறினால் உட்காராமல் உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தார்கள். கண்டக்டர் பாவம், டிக்கெட் கொடுக்கப் பின்னாலேயே நடந்து இளைத்துப்போனார்.

ஊரில் ஒரு தும்மல் சத்தம்கூடக் கேட்கவில்லை. டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். "நோயாளியே வராத இடத்துக்கு எப்படி நிதி ஒதுக்குறது? அடுத்த வாரம் வருவேன். இந்த பெஞ்சுல ஒரு நோயாளியாவது இருக்கணும். இல்லன்னா டாக்டரை வேற ஊருக்கு மாத்திடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்த் தலைவர் வெயிலுகந்தான் உடனே கூட்டம் போட்டார்.

"யாருக்காவது நோய் வந்தாகணும்வே. யாரு வாங்கிக்கிடுதிய?"

"எனக்கு அறுப்பு கெடக்கு. தை கழியட்டும்" என்றார் பால்சாமி.

"நோயின்னா சும்மாவா? நோஞ்சான் தாங்கமாட்டான். நல்ல தெம்பான ஆளாப் பாத்து விடணும்" என்றார் பூரணத்தம்மாள்.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பனையேறி சுயம்புவைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயைத் தாங்க வேண்டுமே என்று தினமும் நாட்டுக்கோழியும் முட்டையும் ஊட்டினார்கள். சுயம்பு ஒரு சுற்றுப் பெருத்து, கிணற்று மேட்டில் குட்டிக்கரணம் போட ஆரம்பித்தார்.

வேறு வழியில்லாமல் பக்கத்து ஊரில் ஒரு வாழைத்தாரைக் கொடுத்து, வயிற்றுவலிக்காரர் ஒருவரை இரவல் வாங்கி வந்தார்கள். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வலி போய், அவரும் போய்விட்டார்.

"ஏம்மா, இப்படிப் பண்ணிட்டியளே! இருந்த ஒரு ஆளையும் குணமாக்கிட்டியளே!" வெயிலுகந்தானுக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி வீடு வீடாகப் போய், யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். எல்லாரும் திண்ணென்று இருந்தார்கள். அதிகாரி வருகிற நாள் காலையில் டாக்டருக்கே அனலாகக் காய்ச்சல் அடித்தது.

ஊர் குதூகலித்தது. அவரைப் பெஞ்சில் படுக்க வைத்து, தலையோடு காலாகக் கம்பளி போர்த்தி, மேலே ஒரு மாலையும் போட்டார்கள்.

அதிகாரி வந்தார். "சரி, நோயாளி இருக்காங்க. டாக்டர் எங்க?"

"அவுகளுக்குத்தான்யா நாங்களும் காத்துக் கெடக்கோம். காலையிலிருந்து ஆளக் காணோம்" என்றார் வெயிலுகந்தான், உண்மையான வருத்தத்தோடு.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை எழும்பியது. "பேசாமப் படு தாயி, டாக்டர் வந்துருவாக" என்று பூரணத்தம்மாள் அதை மடக்கி உள்ளே வைத்தார்.

அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. நிதியை இரண்டு மடங்காக்கி, இன்னொரு டாக்டரையும் அனுப்பிவைத்தார். புது டாக்டர் வந்த அன்றே டாக்டர் தமயந்தியைக் குணப்படுத்திவிட்டார். பெஞ்சு மறுபடியும் காலி. ஊர் மறுபடியும் கூடியது.

மறுநாள் காலை புது டாக்டர் வேலைக்கு வந்தபோது, வாசலில் வெயிலுகந்தான் கம்பளியும் மாலையுமாக நின்றிருந்தார். பக்கத்தில் சுயம்பு, தலைக்கு மேலே தூக்கிய குடத்தோடு.

"போன வாரம் அம்மா படுத்துட்டாக. இந்த வாரம் உங்க முறை, சார். கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க" என்றார் வெயிலுகந்தான். "பயப்படாதிய. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணிதான்."