தண்ணீர் குளிராத பானை

ஞானக் கதை என்றால் குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், ஆற்றங்கரையில் ஒரு குடிலும் இருக்க வேண்டும். இந்தக் கதையின் குருவுக்கு இரண்டும் கிடையாது. பெயர் அமிர்தவல்லி, வயது நாற்பத்திரண்டு, கடம் வாசிப்பவர். அவரிடம் தாளம் கற்கும் சீடர் சவரிராஜுக்கு அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'அண்ணா' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார். பத்து வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

சென்னையில் ஒரு சந்து. ஒரு காலத்தில் முழுக்க அச்சகங்களாக இருந்தது. இயந்திரங்கள் எடைக்குப் போனபின் அந்தக் கொட்டகைகளில் ஓவியர்களும் நாடகக்காரர்களும் குடியேறினார்கள். அங்கே ஒரு கூடத்தில்தான் 'கூட்டாஞ்சோறு' என்ற நால்வர் குழு ஒத்திகை பார்க்கும். கல்யாண பேண்டு செட்டிலிருந்து வந்த ஏகாம்பரத்தின் கிளாரினெட், மேற்கத்திய இசை படித்த நஸ்ரினின் செல்லோ, மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த சவரிராஜின் குரல், டீச்சரின் கடம். இதைக் கச்சேரி என்பதா வேறு என்ன என்பதா என்று தெரியாமல் சபாக்கள் இவர்களை விட்டுவிட்டன. சந்துக்காரர்கள் மட்டும் விடவில்லை. வருடா வருடம் மாசி மாதத்தில் சந்தில் கலைவிழா நடக்கும். அதில் கடைசி நிகழ்ச்சி எப்போதும் இவர்களுடையதுதான்.

ஐப்பசியில் சவரிராஜின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மறுநாள் டீச்சர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனதாக மனைவி பிலோமினா பிறகு சொன்னாள். இவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொள்ள நினைத்தார். இரண்டு வாரம் பேசக் கூடாது என்பதால் அந்தக் கோபமும் உள்ளேயே போய்விட்டது.

தை பிறந்ததும் ஒத்திகைக்கு வந்தார். கூடத்தில் புதிதாக இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றில் குடிதண்ணீர், இன்னொன்றில் குடைகள். பாட்டுக் குழுவா, பானைக் கடையா என்று கேலி செய்ய வாயெடுத்தார். பேசினால் குரலைக் கவனிப்பார்களே என்று அடக்கிக்கொண்டார்.

பாடத் தொடங்கினால் மறைக்க முடியுமா? வழக்கமான இரண்டு கட்டைச் சுருதியில் மேலே போன குரல் பாதியில் உடைந்தது. ஏகாம்பரம் கிளாரினெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஒன்றரைக்கு இறங்கினார்கள், அங்கேயும் உடைந்தது. ஒரு கட்டைக்கு இறங்கினார்கள், குரல் அடியில் போய் உறுமியது. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், யாருமே வாசிக்காத ஓர் இடத்தில்தான் அது நிலையாக நின்றது.

நஸ்ரின் நான்கு தந்திகளையும் தளர்த்தினாள். ஏகாம்பரம் கிளாரினெட்டின் கழுத்தைச் சற்று வெளியே இழுத்துச் சரிக்கட்டினார். பானையை என்ன செய்வது? சுட்ட மண் சுட்டபடிதான் ஒலிக்கும். டீச்சரிடம் இருந்த கடங்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. ஒன்றரைக் கட்டைப் பானையின் உட்புறம் களிமண் ஒட்டிப் பார்த்தார், ஓசை செத்துவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, சுருதி கேட்காதபடி விரல் நுனியால் லேசாக வாசித்தார்.

அந்த மெல்லிய வாசிப்புதான் சவரிராஜைக் கொன்றது. டீச்சர் ஒரு தட்டுத் தட்டினால் சந்து முனையில் டீக்கடைக்காரர் தலையாட்டுவார். அப்படிப்பட்ட கை தனக்காகப் பயந்து பயந்து விழுவதை அவரால் தாங்க முடியவில்லை. நான்கு ஒத்திகை பொறுத்தார். ஐந்தாவதில், மற்ற இருவரும் கிளம்பியபின், நின்றார். இதற்குள் கூடத்தில் மூன்றாவது பானை ஒன்று வந்து, அதில் மணி பிளான்ட் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கோயில் குழுவில் நல்ல குரல் ஒன்று இருக்கிறது, பேசி வைத்துவிட்டேன், விழாவுக்கு அவரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், டீச்சர். ஒருத்தன் குரல் இறங்கிடுச்சுன்னு மூணு பேரை இறங்கி வரச் சொல்றது நியாயமா?"

"அந்தப் பானையில தண்ணி மொண்டு குடிங்க அண்ணா."

குடித்தார்.

"குளிர்ந்திருக்கா?"

"இல்ல."

"ஆமா, குளிர மாட்டேங்குது. சரி, வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு வந்துடுங்க."

சவரிராஜுக்கு எரிச்சலாக வந்தது. மனிதன் வயிறு எரிந்து கேட்கிறான், தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்களே என்று வீட்டில் போய்ப் புலம்பினார். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த பிலோமினா, டீச்சர் சொன்னால் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை விழா. சந்து முழுக்கக் கூட்டம். சுவரெல்லாம் ஓவியம், வாசலெல்லாம் பஜ்ஜிக் கடை. கூடத்தில் நாற்காலி போதாமல் பலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது என்று முடிவு செய்துதான் சவரிராஜ் வந்திருந்தார். மேடையில் அவருடைய இடம் காலியாக இருந்தது, மைக்கும் வைத்திருந்தது. கோயில் குழுக்காரரைக் காணோம். அவரை யாரும் கூப்பிடவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் ஒரு பழைய புடவையைப் பிரித்தார். உள்ளே புத்தம்புதுக் கடம். சூளையின் கருக்கு இன்னும் ஓரிடத்தில் இருந்தது. மடியில் வைத்து, முழு விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

சவரிராஜ் எழுந்து நின்றுவிட்டார். அது அவருடைய சுருதி. ஒரு கட்டையுமில்லை, ஒன்றரையுமில்லை. இத்தனை நாள் தன் தொண்டையில் மட்டும் இருப்பதாக நினைத்து வெட்கப்பட்ட அந்த நடு இடம், ஒரு பானையிலிருந்து கணீரென்று கேட்டது.

மேடைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. பாடினார். பழைய குரல் இல்லை, அதன் பளபளப்பு போனது போனதுதான். ஆனால் எங்கேயும் உடையவில்லை. கடம் பயமில்லாமல் முழங்கியது, செல்லோ கீழிருந்து தாங்கியது, ஏகாம்பரம் கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் குஷியாக ஊதினார். நடுவில் ஒரு தடவை சவரிராஜுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லாமல் அடுத்த வரியை எடுத்தார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. தாகத்துக்குத் தண்ணீர் மொள்ளப் போனார். கையிலிருந்த செம்பு, பானையின் கழுத்தில் பட்டது. தண்ணீர் நிரம்பியிருந்தும், கல்லில் பட்டதுபோல் ணங்கென்றது. சவரிராஜ் செம்பைக் கீழே வைத்தார். குடைகளை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பானையை விரலால் தட்டினார். அதுவும் கடம்தான், சுருதி ஒரு மயிரிழை மேலே நின்றது. மணி பிளான்ட் இருந்ததைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை.

டீச்சர் புதுக் கடத்தைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பானை டீச்சர்?"

"இது நாலாவது. மானாமதுரையில செய்றவருக்கும் பொறுமை ஜாஸ்தி. ஒண்ணு வந்து, நான் தட்டிப் பார்த்து, இல்லன்னு சொன்னாதான் அடுத்ததுக்கு மண்ணு பிசைவார். அடிச்சு, காயவச்சு, சுட்டு அனுப்ப ஒரு மாசம் ஆயிடுது. கடத்து மண்ணு கெட்டி பாருங்க, தண்ணிக்கு உதவாது."

சவரிராஜ் விரல் விட்டு எண்ணினார். மாசி, தை, மார்கழி, கார்த்திகை. கார்த்திகையில் வந்த முதல் பானைக்கு ஐப்பசியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவர் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அப்போ என் குரல் எங்க வந்து நிக்கும்னு எனக்கே தெரியாதே. உங்களுக்கு யார் சொன்னது?"

டீச்சர் புடவையின் முடிச்சை இறுக்கினார்.

"நீங்கதான் அண்ணா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில வலி தாங்காம தூக்கத்துல முனகிட்டே இருந்தீங்க. ஒரு மணி நேரமும் ஒரே சுருதி."