புகையைச் சுற்றும் பருந்து

பருந்துகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போதுபோல் எட்டாத உயரத்தில் அவை அலையவில்லை. வீட்டு உத்தரத்தில் வந்து உட்காரும். அடுப்படியில் நடக்கிற பேச்சைக் கேட்கும். பக்கத்து ஊர்ச் சேதியைச் சொல்லிவிட்டு, கொடுத்ததைத் தின்றுவிட்டுப் போகும். குரலும் இந்தக் கீச்சுக் குரல் அல்ல. யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தெளிவாக இருக்கும்.

அந்தக் காலத்தில் செவ்வாற்றின் இரண்டு கரையும் சேர்ந்து ஒரே நாடாக இருந்தது. வடகரை முழுக்கப் புல்வெளி. ஆடுகள் அங்கே மேய்ந்தன. தென்கரை மலைச்சரிவு, மிளகு அங்கே விளைந்தது. வடகரை ஆட்டுக்கறியில் தென்கரை மிளகை அரைத்துப் பூசி, இரும்புக் கம்பியில் கோத்து, தணலில் வாட்டித் தின்பார்கள். இன்றைக்குக் கபாப் என்று சொல்கிறோமே, அதுதான். அவர்கள் அதைச் சூட்டுக்கறி என்றார்கள். சூட்டுக்கறி இல்லாமல் அங்கே ஒரு கல்யாணம் நடக்காது, ஒரு காதுகுத்து நடக்காது.

ஒரு வருஷம் நாட்டுத் தலைவர் இறந்துபோனார். அவருடைய மகள் ஆளட்டும் என்றது தென்கரை. தம்பிதான் ஆளவேண்டும் என்றது வடகரை. வாய்ச்சண்டையாகத் தொடங்கியது கைச்சண்டையானது. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் ஆற்றுப் பாலம் உடைந்து கிடந்தது. அதை உடைத்தது எந்தக் கரை என்பதில் கடைசிவரை இரண்டு கரையும் ஒத்துப்போகவில்லை. வடகரைக்காரர்கள் வெள்ளைத் தலைப்பாகை கட்டத் தொடங்கினார்கள். தென்கரைக்காரர்கள் சிவப்புத் தலைப்பாகை கட்டினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கடைக்காரர் இலையைப் போடுவதற்கு முன்னால், “தம்பியா, மகளா?” என்று கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் இலையைச் சுருட்டிக்கொள்வார்.

இதில் முதலில் கெட்டுப்போனது சூட்டுக்கறி. வடகரையில் கறி இருந்தது, மிளகு இல்லை. வெந்த கறி வாயில் மண்ணாக இருந்தது. தென்கரையில் மிளகு குவிந்து கிடந்தது, ஆடு இல்லை. உழுது ஓய்ந்த கிழட்டு எருமையை அறுத்து, மிளகை அள்ளிப் பூசி, அதையே சூட்டுக்கறி என்று விற்றார்கள். தின்றவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இரண்டு கரையிலும், “நம்ம கறிக்கு ஈடு உண்டா” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சொல்லாதவனைப் பக்கத்து இலைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்ப்பான்.

இரண்டையும் தின்று பார்க்கத் துணிந்தது ஒரே ஒரு பருந்துதான். செம்பு நிறத்தில் இறக்கை உள்ள இளம் பருந்து அது. பறப்பதற்குப் பாலம் வேண்டாம், தலைப்பாகையும் வேண்டாம். பாலம் உடைவதற்கு முன்னால் தின்ற ருசி அதன் நாக்கில் இன்னும் இருந்தது. அந்த ருசியைத் தேடி வடகரையின் அத்தனை கடையிலும் உட்கார்ந்து பார்த்தது. தென்கரையிலும் பார்த்தது. எங்கேயும் அகப்படவில்லை.

கோடையில் ஒரு மத்தியானம் ஆற்றைக் கடக்கும்போது கீழிருந்து ஒரு வாசனை வந்தது. பருந்துக்கு இறக்கையே தடுமாறிவிட்டது. ஆற்றின் நடுவே ஆள் உயர நாணல் வளர்ந்த ஒரு திட்டு. நாணலுக்குள் ஒரு குடிசை. குடிசைக்கு முன்னால் தணல்குழி. குழிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் சடைச்சி. பாலத்து அடியில் கடை வைத்திருந்தவள். பாலம் உடைந்த அன்றைக்கு இரண்டு கரைக்காரர்களும் அவளிடம் வந்து, “தம்பியா, மகளா?” என்று கேட்டார்கள். “கறி வெந்துடுச்சு. சாப்பிடுறீங்களா?” என்று கேட்டிருக்கிறாள் அவள். அடுப்பை இடித்துப் போட்டுவிட்டார்கள். கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறியவள் இந்தத் திட்டில் வந்து இறங்கியிருந்தாள்.

பருந்து இறங்கி அவள் முன்னால் உட்கார்ந்தது. அவள் ஒரு துண்டை உருவி ஊதி ஆறவைத்துக் கொடுத்தாள். தின்றுவிட்டுப் பருந்து அலகைத் தரையில் துடைத்துக்கொண்டது.

“அக்கா, இது ரெண்டு கரைக் கறியும்தானே?” என்று கேட்டது.

“ஆடு அந்தப் பக்கமிருந்து வருது. மிளகு இந்தப் பக்கமிருந்து வருது. கொண்டு வர்றவங்க சாப்பிட்டுட்டுப் போறாங்க” என்றாள் சடைச்சி. “நீ ரெண்டு பக்கமும் போறவன். நல்ல கறி எங்கே கிடைக்கும்னு யாராவது கேட்டா கூட்டிட்டு வா. ஆனா ஆளைப் பார்த்துக் கூட்டிட்டு வா. பசிச்சு வர்றவன் வரட்டும். இங்கே வேற யாரெல்லாம் வர்றாங்கன்னு பார்க்க வர்றவன் வேண்டாம்.”

அன்று தொடங்கி அதுவே பருந்தின் வேலை ஆயிற்று. சந்தையிலோ களத்திலோ யாராவது காதோரமாக, “நல்ல சூட்டுக்கறி எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால், பருந்து அவர்கள் முகத்தை உற்றுப் பார்க்கும். சரி என்று தோன்றினால் முன்னால் பறக்கும், அவர்கள் பரிசலில் பின்னால் வருவார்கள். தலைப்பாகையைப் பரிசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் நாணலுக்குள் போகவேண்டும். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் யார் எந்தக் கரை என்று பார்த்தால் தெரியாது. மழை வருமா, ஆடு குட்டி போட்டதா, இந்த வருஷம் மிளகு எப்படி என்று பேசிக்கொண்டு தின்பார்கள்.

அப்படி வந்தவர்களில் தொப்பளானும் ஒருவன். வடகரையில் ஆடு மேய்ப்பவன். அவன் தங்கை பூவாயியைப் பாலம் உடைவதற்கு முன்னால் தென்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை அவன் ஆடு கொண்டுவருவான், அவள் மிளகு கொண்டுவருவாள். இருவரையும் சேர்த்துவைத்தது பருந்துதான். முதல் நாள் பூவாயி அண்ணனைப் பார்த்ததும் தன் கம்பியிலிருந்த கறியை உருவி உருவி அவன் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “நீ சாப்பிடு தங்கச்சி” என்று அவன் சொல்லச்சொல்ல, “நான் அப்புறம் சாப்பிடுறேன் அண்ணே” என்றாள். அதைப் பார்த்த பருந்துக்கு, தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்த நிறைவிலேயே கொஞ்சம் கர்வமும் முளைத்தது. ஊரே தேடுகிற ஒன்று எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும். ஆனால் தனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது விஷயம் பருந்துக்கு உறுத்தத் தொடங்கியது.

மறு கோடையில் வடகரைக் காவல்தலைவன் வீரணன் ஊர்க்களத்தில் ஒரு விருந்து வைத்தான். தலைவரின் தம்பி பட்டமேற்ற நாள் அது. கம்பி கம்பியாகக் கறி வெந்தது. கூட்டத்தின் நடுவில் வீரணன் பருந்தைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான்.

“இந்த நாட்டுல ரெண்டு கரையிலயும் தின்னவன் நீ ஒருத்தன்தான்” என்றான். “எல்லார் முன்னாடியும் சொல்லு. எந்தக் கரைச் சூட்டுக்கறி நல்லா இருக்கு?”

இதுவரை யாரும் பருந்திடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. சேதி கேட்பார்கள், வழி கேட்பார்கள். இன்றைக்கு அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதன் வாயையே பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவன், “அதுக்கு என்ன தெரியும், போட்டதைத் தின்னுற பறவை” என்று சிரித்தான்.

விருந்துக்கு ஆடு ஓட்டிவந்த தொப்பளான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவன் பருந்தைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தான். வேண்டாம் என்று. பருந்து அதைப் பார்த்தது. பார்த்தும் சொல்லிற்று.

“வடகரையும் இல்லை, தென்கரையும் இல்லை. நல்ல சூட்டுக்கறி தின்னணும்னா நடுவுல போகணும்.”

வீரணன் கோபப்படவில்லை. அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “நடுவுல.” பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பினான். அவன் முகத்தைப் பருந்து அப்போதுதான் உற்றுப் பார்த்தது. பசித்தவன் முகம் அல்ல அது.

பேச்சு அன்றைக்கே ஆற்றைத் தாண்டியது. மூன்றாம் நாள் அமாவாசை. உச்சிவெயில் நேரத்தில் வடகரையிலிருந்து எட்டுப் பரிசல்கள் புறப்பட்டன. தென்கரையிலிருந்தும் அதே அளவுக்குப் புறப்பட்டன. மேலிருந்து அதைப் பார்த்த பருந்து மூச்சு முட்டப் பறந்து குடிசைக்கு வந்தது.

“அக்கா, வர்றாங்க.”

“யாரு?”

“ரெண்டு கரையும்.”

சடைச்சி தணல்குழியைப் பார்த்தாள். குழியின் மேல் பன்னிரண்டு கம்பிகள் இருந்தன. “அவ்வளவு பேருக்கு இங்கே கறி இல்லையே” என்றாள்.

தொப்பளானும் பூவாயியும் ஒரே இலையில் தின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து ஓட அவர்களுக்கு நேரமில்லை. இரு பக்கத்து நாணலும் விலகியது. வெள்ளைத் தலைப்பாகைகள் ஒரு பக்கம் நின்றன, சிவப்புத் தலைப்பாகைகள் மறுபக்கம் நின்றன.

“ஆடு எங்களோடது. அதனால கடையும் எங்களோடது” என்றான் வீரணன்.

“மிளகு எங்களது. மிளகு இல்லாத கறிக்கு ஏது ருசி?” என்றான் தென்கரைக் காவல்தலைவன்.

“நீயே சொல்லும்மா. தம்பியா, மகளா?” என்றான் வீரணன்.

சடைச்சி எழுந்து நின்றாள். “உக்காருங்க. ஆளுக்கு ஒரு துண்டு வரும். சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்றாள்.

சிவப்புத் தலைப்பாகை ஒருவன் எச்சில் விழுங்கியதைப் பருந்து பார்த்தது. வெள்ளைத் தலைப்பாகை ஒருவன் முழங்காலை மடக்கப்போவதுபோல் தெரிந்தது. அதற்குள் யாரோ யாரையோ தள்ளினார்கள். ஒரு கால் தணல்குழியில் பட்டு நெருப்பு சிதறியது. கோடையில் காய்ந்த நாணல் பற்றிக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பரிசலுக்கு ஓடினார்கள். போகும்போது தொப்பளானை வடகரைக்காரர்கள் இழுத்துப் போனார்கள், பூவாயியைத் தென்கரைக்காரர்கள் இழுத்துப் போனார்கள்.

தொப்பளானின் ஆடுகளைப் பிடுங்கிக்கொண்டு அவனை வடக்கு எல்லைக்கு விரட்டினார்கள். பூவாயி அதற்குப் பிறகு ஆற்றங்கரைக்கு வரக்கூடாது என்று கட்டளை. அண்ணனும் தங்கையும் சாகிறவரை ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் திட்டு கரியாகக் கிடந்தது. ஆற்றில் இறங்கி நின்று உயிர் தப்பிய சடைச்சி ஈரச் சேலையோடு வந்து, சாம்பலைக் கிளறிக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பருந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, நான் பொய் சொல்லலை” என்றது.

“தெரியும். பொய் சொல்லியிருந்தா யாரும் இங்கே வந்திருக்கமாட்டாங்க” என்றாள் சடைச்சி. அவள் குரலில் சூடு இல்லை. சூடு இருந்திருந்தால் பருந்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“எங்கே போகப் போறீங்க?”

“எங்கேயாவது. அடுப்பு மூட்ட ஒரு இடம் கிடைக்காமலா போகும்?”

“நானும் வர்றேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்.”

சடைச்சி கம்பிகளைக் கட்டித் தோளில் வைத்தாள். “நீ சொல்லவே வேண்டாம். நீ வந்து என் கூரையில உக்காந்தாலே போதும். நான் எங்கே இருக்கேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்.” கருகிப்போன ஒரு துண்டுக் கறியைச் சாம்பல் தட்டிப் பருந்தின் முன்னால் வைத்தாள். பிறகு பரிசலில் ஏறினாள். ஆறு அவளைக் கிழக்கே கொண்டுபோயிற்று.

பருந்து அந்தத் துண்டைத் தின்னவில்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் களத்துக்கு மேலே பறந்தபோது வீரணன் அண்ணாந்து பார்த்து, “அந்தப் பொம்பளை எந்தப் பக்கம் போனா?” என்று கத்திக் கேட்டான். பருந்து பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பேசாத தொண்டையில் சொற்கள் ஒவ்வொன்றாக வற்றின. கடைசியில் மிஞ்சியது நீளமான ஒரு கீச்சொலி மட்டும்தான். அதைப் பார்த்து மற்றப் பருந்துகளும் மனிதரோடு பேசுவதை விட்டன.

ஆனால் சடைச்சியைப் பார்க்காமலும் அதனால் இருக்க முடியவில்லை. எங்கோ ஓர் ஊரில் அவள் அடுப்பு மூட்டியிருப்பாள். அந்தப் புகைக்கு மேலே ஒருமுறையாவது பறக்கவேண்டும். அவள் புகையை மட்டும் சுற்றினால் கீழே இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கறி வாட்டும் எல்லாப் புகையையும் சுற்றியது. நல்ல கடை, கெட்ட கடை, இந்தக் கரை, அந்தக் கரை எதையும் விடவில்லை. எதிலும் இறங்கி உட்காரவும் இல்லை. ஆசை தாங்காத நேரத்தில் மட்டும் சரேலென்று பாய்ந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு மேலே போய் ருசி பார்த்தது. அவள் கைப்பக்குவம் அதில் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த புகையைத் தேடிப் போனது.

இறைச்சி வேகிற இடத்தில் அண்ணாந்து பாருங்கள். பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் வராது, கேட்டால் சொல்லாது. அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தச் சுற்று. இன்னும் அது இறங்கி உட்காரவில்லை.