தண்ணீர் இல்லாத அண்டா

தணிகாசலம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மௌனம் பழக வேண்டும் என்று மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குருவாக இருந்த சுகந்தி அம்மா அவரைவிட வயதில் ரொம்பவே சின்னவர். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

மௌனம் பழக வந்த மனிதருக்கு இரண்டாம் வகுப்பு! இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? குருவின் சொல்லாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தார் தணிகாசலம்.

எடுத்த பிறகு விடுவாரா? பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. ஒரே மாதத்தில் வகுப்பு அவர் விரல் அசைவுக்கு ஆடியது.

ஒரு சாயங்காலம் அம்மா கேட்டார்.

"பசங்க இப்ப என்ன படிக்கிறாங்க சார்?"

குருவாக இருந்தாலும் அவரை அம்மா 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"எது மிதக்கும், எது மூழ்கும்னு நடத்திட்டிருக்கேன்மா. எதைக் காட்டினாலும் டக் டக்குனு சொல்றாங்க."

"எல்லாருமா?"

தணிகாசலம் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"நதியான்னு ஒரு பொண்ணு. அது மட்டும் எதைக் கேட்டாலும் 'தெரியல சார்'ங்குது. மறுபடி ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வெச்சிடலாமான்னு உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்."

"அவங்க அப்பா என்ன சொல்றார்?"

"கீழ் கிளாஸுக்கு அனுப்பினா படிப்பே வேண்டாம், ஆடு மேய்க்கட்டும்னு சொல்றார். கோபக்கார மனுஷன். சொன்னா செஞ்சிடுவார்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "பாவமாத்தான் இருக்கு. அதுக்காகத் தெரியாத பிள்ளையைத் தெரிஞ்ச பிள்ளைங்களோட எப்படிம்மா உக்கார வெக்கிறது?"

"நாளைக்கு நான் வகுப்புக்கு வரேன்," என்றார் அம்மா.

மறுநாள் அம்மா வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் பெரிய அலுமினிய அண்டா இருந்தது. தணிகாசலம் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து அண்டாவுக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"மூழ்கும் சார்!" என்று வகுப்பே கத்தியது.

காய்ந்த இலையைக் காட்டினார்.

"மிதக்கும் சார்!"

கூழாங்கல்லைக் காட்டும்போது ஒரு பையன் "மிதக்..." என்று ஆரம்பித்துப் பாதியில் "மூழ்கும் சார்!" என்று மாற்றிக்கொண்டான். கடைசி வரிசையில் நதியா வாயைத் திறக்கவில்லை. தணிகாசலம் அம்மாவைப் பார்த்தார். நான் சொன்னேனே என்பதுபோல ஒரு பார்வை.

"சார், கொஞ்சம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றார் அம்மா.

எதற்கென்று விளங்கவில்லை. திரும்பி நின்றார்.

அம்மா வகுப்பு லீடர் கோகுலைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார். அவன் ஒரு பரங்கிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேஜைமேல் தொப்பென்று வைத்த சத்தம் கேட்டது.

"இந்தப் பரங்கிக்காய் மிதக்குமா, மூழ்குமா?"

ஒருவரும் மூச்சு விடவில்லை. இவ்வளவு சுலபமான கேள்வி! அத்தனை கனமான காய் மூழ்காமல் என்ன செய்யும்? கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாரே. மானத்தை வாங்குகிறார்களே!

"கோகுல், நீ சொல்லேன்," என்றார் அம்மா.

"சார் இந்தப் பக்கம் திரும்பட்டும்மா. சொல்லிடறேன்."

"அவர் எதுக்குத் திரும்பணும்?"

"மிதக்கும்னா சாருக்குப் புருவம் மேல ஏறும். மூழ்கும்னா வாயை இறுக்கிக்குவாரு."

சொன்னவன் குரலில் கள்ளம் ஒன்றும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னான். கரும்பலகையைப் பார்த்து நின்ற தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. நதியா.

"எனக்குத் தெரியலம்மா. போட்டுப் பாக்கட்டுமா?"

"பாரேன்."

"அண்டால தண்ணி இல்லியே. ஒரு நாளும் சார் தண்ணி ஊத்துனதே இல்ல."

உண்மைதான். தண்ணீர் வைத்தால் பிள்ளைகள் சட்டையை நனைத்துக்கொள்வார்கள், கூச்சல் போடுவார்கள், பாடம் முடியாது. பணிக்காலம் முழுவதும் அவர் இந்தப் பாடத்தை வெறும் அண்டாவை வைத்துத்தான் நடத்தியிருக்கிறார். ஒரு குழந்தையும் கேட்டதில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் கேட்டதில்லை. இத்தனை காலம் கழித்து ஒரு பெண் கேட்டுவிட்டாள்.

நதியா வெளியே ஓடினாள். பின்னாலேயே வகுப்பு ஓடியது. குடம், சொம்பு, டிபன் டப்பா மூடி என்று கிடைத்ததில் எல்லாம் குழாய்த் தண்ணீர் வந்து அண்டாவில் விழுந்தது. 'தொபுக்' என்று ஒரு சத்தம்.

"மிதக்குது! டேய், மிதக்குதுடா!"

பசங்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தார் தணிகாசலம். திருத்துவதற்காக வேகமாகத் திரும்பினார். அண்டாவில் பரங்கிக்காய் முக்கால் உடம்பை நனைத்துக்கொண்டு சொகுசாக மிதந்துகொண்டிருந்தது. நதியா அதை ஒரு கையால் அமுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். விட்டதும் அது மேலே வந்தது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் அவர் ஈரத் தரையிலேயே நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண்ணை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பப் பார்த்தோமே என்பது உறுத்தியது.

"அம்மா, எனக்கே தெரியாததைத்தான் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே நனைந்த முந்தானையைப் பிழிந்தார்.

"நதியாவை என்ன செய்யட்டும்? இங்கயே இருக்கட்டுமா?"

பதிலுக்காகத் தணிகாசலம் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். புருவம் அசைகிறதா, உதடு இறுகுகிறதா என்று தேடினார்.

அம்மா எழுந்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார்.

"இப்பச் சொல்லுங்க சார்," என்றார்.