கதவில் நின்ற கருப்பு

பட்டறையின் தலைமை பெயிண்டர் சிங்காரவேலு, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திய கார் கதவைத் தடவிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. பெயிண்டுக்கு அடியில மெல்லிசு பிரைமரே போதும்."

"பள்ளம் இருக்குண்ணே. கெட்டி பிரைமர்தான் அதை நிரப்பும்," என்றாள் தேய்ப்பு வேலைக்குப் புதிதாக வந்த தவமணி.

"எங்கே, காட்டு. காட்டலைன்னா நாளையிலிருந்து வராதே."

தவமணி அவர் சொன்ன பிரைமரையே அடித்தாள். காய்ந்ததும் மேலே கருப்புப் பொடியைத் தடவி, உப்புத்தாள் சுற்றிய தேய்ப்புக் கட்டையை அவரிடமே நீட்டினாள். "பள்ளம் இருந்தா அங்கே கருப்பு நிக்கும். நான் தேய்ச்சா, நானே பள்ளம் பண்ணினேன்னு சொல்வீங்க."

சிங்காரவேலு தேய்த்தார். மேடெல்லாம் வெளுத்தது, மூன்று இடத்தில் கருப்பு அப்படியே நின்றது. அழுத்தித் தேய்த்தார். சுற்றிலும் தகரம் தெரிந்தது, கருப்பு போகவில்லை.

"இன்னும் தேய்ச்சா கதவுக்கு அந்தப் பக்கம் போயிடுவீங்கண்ணே."

அவர் கட்டையைக் கீழே வைத்தார். "கெட்டி பிரைமரைக் கலக்கு. நாளைக்குச் சீக்கிரமே வந்துடு."