வாசலோரத்து இளஞ்சூடு

ஒரு காட்டில், மரம் குறைந்து முள் மிகுந்த ஓர் ஓரத்தில், மருதாயி என்ற வெள்ளெலி தன் குட்டிகளோடு வளையில் வாழ்ந்தது. பயப்படுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே இல்லை. சருகு விழுந்தாலும் அதற்கு உயிர் போய் உயிர் வரும்.

அப்படிப்பட்ட மருதாயி நிம்மதியாகத் தூங்கியதற்கு ஒரே காரணம், வளை வாசலைச் சுற்றி நின்ற சப்பாத்திக்கள்ளி. அந்த வருடம் பூச்சி விழுந்து கள்ளி முழுவதும் அழுகிச் சரிந்தது. மறுநாளே நரி வந்து வாசலை மோந்து பார்த்தது.

கோடையில் தரை இறுகிக் கிடந்ததால் நரியால் தோண்ட முடியவில்லை. மழை பெய்து மண் இளகினால் தோண்டிவிடும்; குட்டிகளில் ஒன்றும் மிஞ்சாது. இது நரிக்கும் தெரியும், மருதாயிக்கும் தெரியும்.

கடைசிக் கள்ளிப்பழத்தின் விதைகள் மருதாயியிடம் இருந்தன. மழைக்கு முன் அவை முளைத்தாக வேண்டும். சீக்கிரம் முளைக்கட்டும் என்று பாதியை வெயில் பாறையில் பரப்பியது. அவை பொரிந்தே போயின. மீதியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பிடம் ஓடியது.

உடும்பு எதற்கும் அவசரப்படாது. மண்ணுக்குள் முட்டை வைத்துக் குஞ்சு பொரித்த பழக்கம் அதற்கு உண்டு.

"ரொம்பச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது தங்கச்சி. உன் குட்டிங்க சுருண்டு தூங்குற இடத்துல இதமா ஒரு சூடு இருக்குமே, அது போதும். வாசலை ஒட்டின அறையில ஈர மணலுக்குள்ள வை. வெச்சதை எடுக்காதே."

மருதாயி அப்படியே வைத்தது. ஆனால் அந்த அறை நரியின் கால் எட்டிவிடுமோ என்கிற தூரம். மாலையில் நரியின் நிழல் வாசலில் விழுந்ததும், விதைகளை வாயில் அள்ளிக்கொண்டு வளையின் அடியாழத்துக்கு ஓடியது. அங்கே ஒரே குளிர். நிழல் போனதும் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. மறுநாளும் இதே கூத்துதான். சூட்டுக்கும் குளிருக்குமாக அலைந்த விதைகள் ஒவ்வொன்றாக அழுகின.

உள்ளே கேட்கும் ஓட்டச் சத்தத்தை வைத்தே நரி எல்லாவற்றையும் புரிந்துகொண்டது. தோண்டக்கூட வேண்டாம், வந்து நின்றாலே போதும், விதைகள் கெட்டுவிடும். தினமும் தவறாமல் வந்து குழைந்து குழைந்து விசாரித்தது.

"மருதாயி அக்கா, குட்டிங்க சௌக்கியமா? நல்லாக் கொழுத்திருக்குதுங்களா?"

மிஞ்சிய விதைகள் ஒரு வாய்க்குக்கூடத் தேறாத அன்று, நரி தன் காலையே வளைக்குள் விட்டது. மருதாயி ஓடப் பார்த்தது. கால் வரவில்லை. பயத்தில் உடம்பே மரத்து, விதைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

நரியின் நகம் மருதாயியின் மீசையை உரசியது. அதற்கு மேல் எட்டவில்லை. வாசல் மண்ணைப் பிறாண்டிப் பார்த்தது. ஒரு கட்டிகூடப் பெயரவில்லை. ஓட்டச் சத்தம் கேட்காததால் குழம்பிப் போன நரி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

அப்போதுதான் மருதாயிக்கு உறைத்தது. இத்தனை நாளும் விதைகளைக் கெடுத்தது நரியில்லை, தன்னுடைய ஓட்டம்.

அதோடு பயம் போயிற்றா என்று கேட்காதீர்கள் குழந்தைகளே, போகவில்லை. நரி வந்த ஒவ்வொரு மாலையும் மருதாயி வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தது. இளஞ்சூடு மாறாமல் கிடந்த விதைகள் முளைத்தன. வாசல் வெளிச்சத்தில், விரல்நுனி அளவுச் செடிகளின் மேல் தொட்டால் தைக்கும் மயிர் போன்ற சுணைமுள் அடர்ந்தது.

மழை வந்தது. மண் இளகியது. நரி பரபரவென்று தோண்டி, மூக்கை உள்ளே நுழைத்தது.

மறுநொடி காடே அதிரும்படி ஊளையிட்டது. மூக்கெல்லாம் சுணை. தரையில் தேய்க்கத் தேய்க்க அது இன்னும் ஆழமாக ஏறியது. வலி பொறுக்காமல் நரி ஓடிய ஓட்டம் மேட்டைத் தாண்டியும் நிற்கவில்லை.

மருதாயி அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குட்டிகளுக்கு முன்னால், இருந்த இடத்திலேயே இருந்தது.

நீதி: பயப்படுவது தவறில்லை; பயந்து பயந்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் முளைக்காது.