அனவரதம் எடை போட்ட குத்து

கருங்குளவி கருங்குளவின்னு ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராஜா. ராஜான்னா என்ன ராஜா? குளத்துக் கரை உடைஞ்சு கிடக்கும், பார்க்கமாட்டார். ஜனங்க வந்து வாசல்ல நிப்பாங்க, கேட்கமாட்டார். குத்துச்சண்டைன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், பாதிச் சோத்துல கையை உதறிட்டு ஓடுவார். அப்பேர்ப்பட்ட ராஜா. சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு.

அந்த ஊர்ல குத்துச்சண்டையில பெரிய கை ரெண்டு பேரு. ஒருத்தன் மாசானம், சுண்ணாம்புக் காளவாசல்ல கல்லு உடைக்கிறவன். அவன் ஓங்கி ஒண்ணு வச்சான்னா வண்டிச் சக்கரம் துண்டு துண்டாப் பிரிஞ்சு விழும். இன்னொருத்தன் கொம்பையா, கோயிலுக்குப் பூக்கட்டுறவன். அவன் கை எப்பப் போச்சு எப்பத் திரும்புச்சுன்னு கண்ணுக்கே தெரியாது. ஒரு குத்து விழுந்துச்சேன்னு எதிராளி கன்னத்தைத் தடவுறதுக்குள்ள இன்னும் மூணு விழுந்திருக்கும். இந்தக் கொம்பையா கட்டியிருந்தது யாரைன்னா, மாசானத்தோட தங்கச்சி உலகம்மாளைத்தான். மச்சானும் மாப்பிள்ளையும் காலையில ஆத்து மணல்ல மோதுவாங்க, மோதிட்டு வந்து ஒரே சட்டியில கஞ்சி குடிப்பாங்க. அவங்களுக்குள்ள எவன் பெரியவன்ங்கிற பேச்சே வந்ததில்ல.

பேச்சைக் கொண்டுவந்தவன் அனவரதம். யாரு அவன்? ராணிக்குத் தம்பி. சாப்பிடுறதைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது. தம்பிக்கு ஒரு வேலை குடுங்கன்னு ராணி நச்சரிச்சாளா, குத்து பார்க்கிற அதிகாரின்னு ஒரு வேலையை உண்டாக்கிக் குடுத்துட்டார் ராஜா. அந்த அதிகாரி பிறந்ததுல இருந்து ஒரு குத்து வாங்கினதில்ல. கொசு கடிச்சா வைத்தியரைக் கூப்பிடுற ஆளு. ஆனா பேச்சு? "அந்தக் காலத்துப் பெரிய கழுவன் கை இருந்துச்சே அத்தான், அந்த வேகத்துல கொம்பையா முக்கால்தான். அந்தக் கனத்துல மாசானம் அரைதான்"னு வெத்திலையைக் குதப்பிக்கிட்டே சொல்லுவான். கழுவன் செத்து மண்ணாகி அப்புறந்தான் இவன் பொறந்தான். அதை யாரு கேக்குறது?

"ரெண்டு பேருல எவன் கை பெருசுன்னு தெரியணுமே மச்சான்"னாராம் ராஜா. உடனே சோதனை வச்சாங்க. கொம்பையா விளக்குத் திரியைத் தொடாமலே, குத்தோட காத்துலயே விளக்கை அணைச்சான். "வேகம்தான் பெருசு அத்தான்!"னான் அனவரதம். அப்புறம் மாசானம் ஈரமணல் மூட்டையை ஒரே குத்துல கிழிச்சான். "பலம்தான் பெருசு அத்தான்!"னான் அனவரதம். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மண்சுவரைக் குத்துனாங்க. அதுக்குள்ள அனவரதம் தூங்கிட்டான். எழுப்பிக் கேட்டா, "ஆமா அத்தான், அதேதான்"னான்.

ஊருக்காவது புத்தி வேணாமா? வேகக் கட்சி, பலக் கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு. வேகக் கட்சிக்காரனுக்குப் பலக் கட்சிக்காரி மோர் ஊத்தமாட்டா. ஒரு குத்துகூட வாங்காத பயலுக எல்லாம் தெருவுல நின்னு, யாரு குத்து வலிக்கும்னு கத்திக்கிட்டுக் கிடந்தானுக.

"முடிவைச் சொல்லும்"னு எல்லாரும் அனவரதத்தை நெருக்க, அவன் பயந்துபோய், "மோத விடுங்க அத்தான். ஒருத்தன் விழுற வரைக்கும் மோதட்டும். விழுந்தவனை ஊரை விட்டே துரத்துங்க, அப்பத்தான் சண்டை ஓயும்"னுட்டான். ராஜாவும் தலையாட்டிட்டார். மாட்டுக்கும் தலை ஆடத்தான் செய்யுது.

அன்னிக்குக் கஞ்சி ஆறிக் கிடந்துச்சு, யாரும் தொடல.

"மச்சான், நான் விழுந்துடுறேன்"னான் கொம்பையா.

"போலே மாப்ள. நீ ஊரை விட்டுப் போனா என் தங்கச்சி என்ன செய்வா? நான் ஒண்டிக்கட்டை, நான் விழுறேன்."

உலகம்மாள் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. புருஷன் போனாலும் அவளுக்குத்தான் போச்சு, அண்ணன் போனாலும் அவளுக்குத்தான் போச்சு. ஆனா அழல. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் விழவேண்டாம். விழவேண்டிய ஆளு வேற இருக்கான். முதல்ல கஞ்சியைக் குடிங்க"ன்னா.

மறுநாள் மைதானத்துல ஊரே கூடியிருக்கு. உலகம்மாள் நேரா ராஜா முன்னால போய்க் கும்பிட்டா.

"ராஜா, நம்ம அதிகாரி குத்தைக் கண்ணால பார்த்தே எடை சொல்றவரு. உடம்புல வாங்கினா இன்னும் துல்லியமாச் சொல்வாரில்ல? கண்ணைக் கட்டிவிட்டாலும் இது யாரு குத்துன்னு சொல்லிருவாரில்ல?"

"சொல்லுவேனே! தூக்கத்துலகூடச் சொல்லுவேன்!"னான் அனவரதம். வாய் முந்திருச்சு.

"அப்ப காட்டு மச்சான்!"னு ராஜா கை தட்டுனார்.

அனவரதத்துக்கு வேர்த்து ஊத்துது. "மெதுவா... மெதுவாக் குத்தச் சொல்லுங்க அத்தான்"னான். அதுக்குள்ள கண்ணைத் துண்டால கட்டியாச்சு.

உலகம்மாள், நீங்க ரெண்டு பேரும் அப்படிப் போய் உக்காருங்கன்னு அண்ணனுக்கும் புருஷனுக்கும் சைகை காட்டுனா. காட்டிட்டு, கடலை விக்கிறவகிட்ட முறத்தை வாங்கி, அனவரதம் முகத்துக்கு நேரா ஒரு வீசு வீசுனா. வெறும் காத்துதான். தொப்புன்னு விழுந்தான் அனவரதம். "ஐயோ, மாசானம் குத்து! என் தாடை போச்சே!"

அப்புறம் தன் கொண்டையில இருந்த பூச்சரத்தை எடுத்து அவன் நெஞ்சு மேல போட்டா. "ஐயையோ, கொம்பையா! நாலு குத்து! விலா எலும்பு நொறுங்கிப்போச்சே!"

அப்புறம் அவ ஒண்ணுமே செய்யல. சும்மா நின்னா. "ரெண்டு பேரும் சேர்ந்து கொல்றாங்களே! அக்கா! அக்கா!"ன்னு மண்ணுல புரளுறான்.

கண்கட்டை அவுத்துவிட்டாங்க. பார்த்தா மாசானமும் கொம்பையாவும் புளியமரத்தடியில உக்காந்து கடலை தின்னுக்கிட்டிருக்காங்க.

ராஜாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அப்ப இத்தனை நாளா எப்படிய்யா சொன்னே?"

"குத்துமதிப்பாச் சொன்னேன் அத்தான்."

ஊரு சிரிச்ச சிரிப்புல காக்காயெல்லாம் பறந்துபோச்சு. ராணியும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

"சரி தாயி, நீ சொல்லு. எது பெருசு?"ன்னாராம் ராஜா. அப்பவும் ஆசை விட்டுச்சா பாருங்க.

"எங்க அண்ணன் குத்துல மாட்டுனா எந்திரிக்க முடியாதுன்னுதான் இவரு கை இவ்வளவு வேகமாச்சு. இவரு ஒரு நொடிக்கு மேல ஒரே இடத்துல நிக்கமாட்டாருன்னுதான் எங்க அண்ணன் ஒரே குத்துல அத்தனை பலத்தையும் வைக்கப் பழகுச்சு. ஒருத்தரை ஊரை விட்டுத் துரத்திட்டு இன்னொருத்தரை வச்சு என்ன செய்வீங்க? இதைப் போய்ச் சோதிச்சீங்களே, உங்களை என்ன சொல்ல?"

ராஜா மோதலை நிறுத்தச் சொன்னார். ரெண்டு கட்சிக்காரனும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனான். அனவரதத்துக்கு வேலையை மாத்திட்டார். தினமும் காலையில ஆத்து மணல்ல குத்து மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். மூட்டைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மாசானம். மாசானம் களைச்சா கொம்பையா.

ஒருநாள் அந்தப் பக்கமா வந்த வழிப்போக்கன் ஒருத்தன், "ஏன்யா, இதுல எவன் கை பெருசு?"ன்னு அவனைக் கேட்டானாம். அனவரதம் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். "மூட்டையை நீ கொஞ்சம் பிடியேன்"னானாம்.

வாங்காத அடிக்கு எடை போட்டவன் வாங்கிக்கிட்டு நிக்கான், கேட்டவங்க தூங்கப் போங்க, கதை சொன்ன எனக்குத் தண்ணி கொண்டாங்க.